ஆஞ்சப்பனுக்குக் கொடுத்த வாக்கு

ஜெயப்ரியா நர்ஸ் வேலைக்காக ஓசூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம், மழையை நம்பிய ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கடலை பிடுங்கி, கரும்பு வெட்டி அவளைப் படிக்க வைத்தார்கள். இப்போது மத்திகிரியில் ஒரு வாடகை வீடு. கணவன் நவீன்குமாருக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவன் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு இவள் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பாள். சில வாரங்களில் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசுவதே பஸ் ஸ்டாப்பில்தான்.

இந்தப் பதினோரு வருடத்தில் அவள் சாவுகளை நிறையப் பார்த்துவிட்டாள். நெடுஞ்சாலையில் லாரி மோதி வந்தவர்கள், பிரசவத்தில் போனவர்கள், பாம்பு கடித்து நேரம் தாண்டி வந்தவர்கள். எந்தச் சாவிலும் கடைசி நிமிடம் வரைக்கும் கைக்கு ஏதோ ஒரு வேலை இருக்கும். ஊசி போடலாம், நெஞ்சை அமுக்கலாம், ரத்தத்துக்கு ஓடலாம். ஆஞ்சப்பன் வந்தபோதுதான் அவளுக்குக் கை இருந்தும் வேலை இல்லாமல் போயிற்று.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு ஆஞ்சப்பன் ஆஸ்பத்திரிக்குத் தானாகவே நடந்து வந்தார். வயது நாற்பத்தி நாலு. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்து ஊர். ஒரு ஏக்கரில் தக்காளி போட்டிருந்தார். அது போதாமல் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். கூட அவர் மனைவி சென்னம்மா. இரண்டு நாளாகத் தொண்டை அடைக்கிறது, தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாள் அவள்.

அன்று பணியில் இருந்தவர் டாக்டர் இளம்பரிதி. அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஆஞ்சப்பன் அதை வாங்கி வாயருகே கொண்டுபோனார். அவ்வளவுதான், கழுத்து நரம்பெல்லாம் புடைத்து இழுத்தது. டம்ளர் எகிறிப்போய்ச் சுவரில் மோதி விழுந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, "மன்னிச்சிக்கோங்க சார், எனக்கே தெரியல," என்றார். டாக்டர் கையிலிருந்த அட்டையை அவர் முகத்துக்கு எதிரே ஒரே ஒரு தடவை வீசினார். லேசான அந்தக் காற்றுக்கே மறுபடியும் அதே இழுப்பு. டாக்டர் திரும்பி ஜெயப்ரியாவைப் பார்த்தார். அவளுக்கும் விளங்கிவிட்டது.

"நாய் ஏதாவது கடிச்சுதாண்ணா?" என்று கேட்டாள்.

சென்னம்மா முந்திக்கொண்டாள். "அது தை மாசம் மேடம். கம்பெனி கேட்டாண்ட ஒரு குட்டி நாயி, கெண்டக்கால்ல பல்லு பட்டுச்சி. அதுக்குத்தான் ஊசியெல்லாம் போட்டுட்டாரே. நாலு ஊசியும் போட்டாரு."

டாக்டர் ஆஞ்சப்பனைப் பார்த்தார். ஆஞ்சப்பன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் வைத்து டாக்டர் சென்னம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். இது வெறிநாய்க்கடி நோய், வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் இதற்கு மருந்து கிடையாது, இரண்டு நாள் தாங்கும், இல்லாவிட்டால் மூன்று நாள்.

"பெங்களூர் கூட்டிக்கினு போயிட்டா சார்? இங்கருந்து ஒரு மணி நேரந்தானே?"

"எங்க கூட்டிட்டுப் போனாலும் இதுதாம்மா."

சென்னம்மா அழவில்லை. டாக்டர் வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் என்பதுபோல நின்றாள். இரண்டு நாளாக அவர் வாயில் வழிந்த எச்சிலை அவள் வெறுங்கையால்தான் துடைத்துவிட்டிருக்கிறாள். மாட்டுக்குப் புல் அறுத்து அவள் கையெல்லாம் கீறல். மகள் ஹரிணி, காலேஜில் படிக்கிறவள், அப்பா குடித்து மீதம் வைத்த காபியைக் குடித்திருக்கிறாள். அதனால் தாய்க்கும் மகளுக்கும் அன்றைக்கே முதல் ஊசி போட்டு, அடுத்தடுத்து வரவேண்டிய தேதிகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆஞ்சப்பனைக் கடைசியில் இருந்த தனியறைக்கு மாற்றினார்கள். அந்தச் செய்தி பரவிய வேகத்தில் அந்தப் பக்கத்து வராந்தாவே காலியாகிவிட்டது. கூட்டிப் பெருக்கும் சரோஜம்மாள் துடைப்பக்கட்டையைக் கதவுக்கு வெளியிலேயே சாய்த்துவிட்டு, "என்னைய மன்னிச்சிடு பாப்பா. வேற எந்த ரூம்னாலும் ரெண்டு தடவ தொடைக்கிறேன்," என்றாள். ஜெயப்ரியாவுக்கும் பயம்தான். போனில் நவீன்குமார், "வேற யாரையாச்சும் போகச் சொல்லேன்," என்றான். "வேற யாரு இருக்கா?" என்றாள் இவள். அவளும் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் அங்கி, கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னல் கண்ணாடிக்கு நியூஸ் பேப்பர் ஒட்டினாள். மே மாத வெயிலில் அந்த அறை அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. அங்கிக்குள் வியர்வை முதுகில் ஓடையாக இறங்கியது. ஆஞ்சப்பனின் இரண்டு கைகளையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். தூக்கத்துக்கு ஊசி போட்டும் அவர் தூங்கவில்லை. பத்து நிமிடம் சும்மா கிடப்பார், திடீரென்று இழுக்கும். ஏன் இழுக்கிறது என்று அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை. பிறகு அவர் கண் போகும் இடத்தைப் பார்த்தாள். தலைக்கு மேலே குளுக்கோஸ் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் ஆடுவதும் குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்குவதும் அவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

அவள் ஓடிப்போய் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு பச்சைத் துணி வாங்கி வந்தாள். பாட்டிலைச் சுற்றிக் கட்டி, அது தொங்கிய கம்பியை அவர் தலைமாட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். குழாயையும் கை வரைக்கும் போர்வைக்குள் மறைத்தாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவருக்கு இழுப்பு வரவில்லை.

தாகத்துக்குத்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நினைவு தப்பும்போதெல்லாம் அவர் வீட்டில் பேசும் தெலுங்கு வாயில் வந்தது. "நீள்ளு, நீள்ளு" என்று கேட்டார். கேட்கிற தண்ணீரைக் கொடுத்தால் அதுவே அவரைக் கொல்லும். ஈரப் பஞ்சை உதட்டருகே கொண்டுபோனாள், அதற்கும் இழுத்தது. கடைசியில் தன் பையில் கிடந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து, வெடித்துப் போயிருந்த அந்த உதடுகளில் விரலால் தடவினாள். அதை மட்டும் பொறுத்துக்கொண்டார். இரண்டு நாளும் அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஒரு பாட்டிலை மூடினாள், கொஞ்சம் எண்ணெய் தடவினாள்.

புதன்கிழமை காலை அவளுக்கு மறுபடியும் அதே அறை. ஆஞ்சப்பனுக்கு நல்ல தெளிவு இருந்தது. இந்த நோயில் நடுநடுவே அப்படி வரும். தன்னைப் பார்க்கிறவரைத் தெரியும், பேச்சும் சரியாக இருக்கும்.

"சிஸ்டர், கதவ சாத்திட்டு வாங்க. ஒண்ணு சொல்லணும்."

அவள் சாத்திவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு ஊசிதான் சிஸ்டர் போட்டேன். ரெண்டாவதுக்குப் போற அன்னிக்கு சூப்பர்வைசர் விடல. லீவு போட்டா லைன்ல வேற ஆள நிறுத்திடுவேன்னாரு. காயமும் ஆறிப்பூடுச்சி. சின்னக் கீறல்தானேன்னு உட்டுட்டேன். அவ தேதி வெச்சிக் கேப்பா, இன்னிக்கு ஊசி இல்லியான்னு. போட்டுட்டேன் போட்டுட்டேன்னு சொல்லி வெச்சேன்." சற்று மூச்சு வாங்கினார். "அவளுக்குத் தெரிய வேணாம். நான் பொய் சொல்லித்தான் செத்தேன்னு ஆயிடும். ஆயுசுக்கும் அவ அதையே நெனச்சிக்கினு இருப்பா. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

நோயாளிகளிடம் அவள் தினமும் எத்தனையோ சொல்கிறாள். வலிக்காது, ஒன்றும் ஆகாது, நாளைக்கே வீட்டுக்குப் போகலாம். அதெல்லாம் வாய் பழகிய பேச்சு. இது அப்படி வரவில்லை. அவர் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்ல மாட்டேண்ணா," என்றாள்.

"ஒரே ஒரு தடவ அவள உள்ள உடுவீங்களா?"

டாக்டர் இளம்பரிதி முதலில் மறுத்தார். "பார்த்துட்டு இருக்கும்போதே இழுத்துச்சுன்னா? அந்தம்மா அதைப் பார்க்கணுமா?" என்று கேட்டார். "இன்னிக்கு மட்டுந்தான் சார் அவருக்குப் பேச்சு இருக்கும். நான் கூடவே நிக்கறேன்," என்று ஜெயப்ரியா கெஞ்சினாள். அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் பத்து நிமிடம் என்றார்.

சென்னம்மாவுக்கு அங்கி மாட்டி, கையுறையும் மாஸ்க்கும் போட்டு, கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் கட்டிவிட்டாள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, அழுகை வந்தால் கண்ணைக் கசக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கைக்கட்டையும் ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டாள்.

ஆஞ்சப்பனுக்கு முதலில் ஆள் யாரென்று தெரியவில்லை. கண்ணாடிக்குள் இருக்கும் கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். "என்னாடி வேஷம் இது?" என்றார். சென்னம்மாவும் அந்த மாஸ்க்குக்குள் சிரித்துவிட்டாள்.

"தக்காளி பறிச்சாச்சா?"

"ஆரு பறிக்கறது? அதுபாட்டுக்குக் கெடக்குது."

"கேழ்வரகுக்கு உழுதுபோட்டுடு. மறுபடியும் தக்காளி வேணாம். ஹரிணிய படிப்ப நிறுத்தாத."

"நீயே வந்து உழுவு. என்னாண்ட ஏன் சொல்ற?"

அவர் அவளுடைய கையுறைக் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் தெலுங்கில் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஜெயப்ரியா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அறையில் ஒரே புழுக்கம். அவர் நெற்றியிலிருந்து வியர்வை காதோரம் வழிந்தது. அதைப் பார்த்த சென்னம்மா, கட்டிலோரம் கிடந்த அட்டையை எடுத்து, வீட்டில் விசிறுகிற மாதிரி அவர் முகத்துக்கு விசிறினாள்.

ஜெயப்ரியா "ஐயோ அக்கா!" என்று பாய்வதற்குள் இழுப்பு வந்துவிட்டது. அதுவரைக்கும் வந்ததிலேயே பெரிய இழுப்பு அதுதான். உடம்பு வில்லாக வளைந்தது, வாயில் நுரை தள்ளியது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவிழ்த்துவிட்டிருந்த கை கம்பியை இழுத்துத் தள்ள, பாட்டில் கீழே விழுந்து பச்சைத் துணியோடு உருண்டது. டாக்டர் ஓடி வந்து ஊசி போட்டார். சென்னம்மாவைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஆஞ்சப்பனுக்குப் பேச்சு வரவில்லை.

அத்தனையும் சொன்னவள் விசிறக் கூடாது என்று மட்டும் சொல்லாமல் விட்டது ஜெயப்ரியாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நல்லது செய்கிறேன் என்று போய், அந்தப் பெண் தன் புருஷனைக் கடைசியாகப் பார்த்ததே அப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நவீன்குமாரிடம் சொன்னாள். "நீ என்ன பண்ணியிருந்தாலும் அந்த ஆளு பொழைக்கப் போறதில்லியே," என்றான் அவன். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன?

வியாழக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஆஞ்சப்பன் இறந்தார். மருந்து மயக்கத்திலேயே மூச்சு நீண்டு நீண்டு நின்றுபோயிற்று. ஜெயப்ரியா பக்கத்தில் இருந்தாள். உடலை உறையில் சுற்றிய பிறகு முகத்தை மட்டும் தூரத்திலிருந்து காட்டினார்கள். வேன் கிளம்புவதற்கு முன்னால் சென்னம்மா இவள் கையைப் பிடித்தாள்.

"நான் விசிறுனதாலதான் போயிட்டாரா மேடம்?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அப்புறம் ஏன்? நாலு ஊசியும் போட்டாரே. நான் தேதி வெச்சிக் கேட்டேனே."

ஜெயப்ரியா, தாய்க்கும் மகளுக்கும் அடுத்த ஊசி நாளைக்கு, மறந்துவிடக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை. சாவு வீடு, எப்படி வருவார்கள் என்று நினைத்தாள். சனி, ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஊசி அறையில் கேட்டுப் பார்த்துவிட்டு, ஹரிணியின் நம்பருக்குப் போன் போட்டாள்.

"அம்மா வேணாங்குதுக்கா," என்றாள் ஹரிணி. "அப்பா நாலு போட்டும் காப்பாத்தல, அந்த ஊசிய வெச்சி என்னா பண்றதுன்னு சீட்டையே கிழிச்சிப் போட்டுச்சி."

"நீயாச்சும் வந்துடும்மா."

"அம்மாவ உட்டுட்டு நான் மட்டும் எப்பிடிக்கா?"

ஜெயப்ரியா போனைப் பிடித்தபடி நின்றாள். ஆஞ்சப்பன் சொல்லி வைத்த பொய் இப்போது அந்த இரண்டு பேர் கழுத்துக்கும் வந்து நிற்கிறது. அவரே உயிரோடு இருந்தால் எதைச் சொல்லச் சொல்வார்? கேட்பதற்கு ஆள் இல்லை. டாக்டரிடம் போனாள். "நோயாளி உங்ககிட்ட சொன்னதும்மா. அதைச் சொல்லுங்கன்னு நான் எப்படிச் சொல்றது? ஆனா அவங்க ஊசி போட்டாகணும்," என்றார் அவர். முடிவு அவள் தலையில்தான்.

அன்று மதியம் வேலை முடிந்ததும் டவுன் பஸ் ஏறிப் போனாள். ஊர் எல்லையிலேயே ஆஞ்சப்பன் தோட்டத்தை ஒருவர் காட்டினார். தக்காளி செடியிலேயே பழுத்து வெடித்து, கீழே விழுந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. வீட்டில் சொந்தக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகப் பேச்சு நடந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் என்றதும் எல்லாப் பேச்சும் நின்றது. சென்னம்மா அவளை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

ஜெயப்ரியா எல்லா வழியிலும் சொல்லிப் பார்த்தாள். இது வேறு மாதிரி, சீக்கிரமே போட்டால் கட்டாயம் காப்பாற்றும், ஹரிணிக்காகவாவது வாருங்கள் என்றாள்.

"அவருக்கு வேலை செய்யாத ஊசி எனக்கு மட்டும் செய்யுமா? போங்க மேடம். வர்றது வரட்டும். அவர் போன வழியிலயே நானும் போறேன்."

"ஹரிணியுமா போகணும்?"

சென்னம்மா மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றாள் ஜெயப்ரியா. "அண்ணன் ஒரு ஊசிதான் போட்டாரு. சூப்பர்வைசர் லீவு குடுக்கலன்னு மீதி மூணும் போடவே இல்ல. எங்கிட்ட அவரே சொன்னாரு. உங்களுக்குத் தெரிய வேணாம்னாரு. நானும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்தேன்."

"பொய்."

"இல்லக்கா."

"பொய் சொல்ற நீ. ரெண்டாவது ஊசி அன்னிக்கு தோளு வலிக்குதுன்னாரு. நான் வெந்நீர் வெச்சி ஒத்தடம் குடுத்தேன். மூணாவதுக்கும் குடுத்தேன். இந்தக் கையால குடுத்தேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். கையையே பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது ஜெயப்ரியாவுக்கு. தடுக்கவும் முடியவில்லை, அங்கிருந்து போகவும் முடியவில்லை.

சென்னம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. "ஏய்யா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானே போயி அந்த சூப்பர்வைசர் கால்ல உளுந்திருப்பனே," என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஜெயப்ரியா தொடப் போனதும் கையைத் தட்டிவிட்டாள்.

"அவரு சொல்ல வேணாம்னுதானே சொன்னாரு? செத்து அஞ்சு நாள்கூட ஆவல. அதுக்குள்ள வந்து சொல்லிட்ட. போ. இங்க நிக்காத."

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் ஜெயப்ரியா ஸ்டாப்பில் நின்றாள். ஊரிலிருந்து யாரும் வரவில்லை. இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்து, நவீன்குமாருக்குக் குழம்பு வைத்தாள். உப்புப் போட மறந்துவிட்டாள். அவன் அதை அப்படியே சாப்பிட்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊசி அறை வாசலில் ஹரிணி நின்றாள். பின்னால், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு சென்னம்மா. கிழித்த சீட்டைச் சோற்றுப் பசையால் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். ஜெயப்ரியாவே ஊசி போட்டாள். சென்னம்மா ஜாக்கெட் கையை மேலே தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஊசிக்கும் அப்படித்தான் வந்தார்கள், போனார்கள். ஹரிணி மட்டும் போகும்போது லேசாகத் தலையாட்டுவாள்.

கடைசி ஊசி ஜூன் மாதத்தில். ஓசூரில் மழை பிடித்திருந்தது. இரண்டு பேரும் நனைந்துகொண்டு வந்தார்கள். ஜெயப்ரியா இந்த ஒரு மாதமும் சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். நேரில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னதோடு சரி.

சென்னம்மா ஜாக்கெட் கையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டாள். "இனிமே வர வேணாமில்ல?"

"வேணாங்க்கா. முடிஞ்சிடுச்சி."

சென்னம்மா மகளைக் கூட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். ஜெயப்ரியா ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வரிசையில் இருந்தவரைக் கூப்பிட்டாள்.